மூக்கடைப்பை எதை வைத்து அளப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். படிப்புக்காக ஓர் ஆய்வு செய்ய வேண்டுமாம். சளிக்காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு ஆவி பிடித்தால் மூக்கடைப்பு குறைகிறதா என்று பார்க்கலாம் என எழுதிக் கொடுத்தாராம், மேற்பார்வையாளர் "அடைப்பை எதை வைத்து அளப்பீர்கள்?" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டாராம். பத்துக்கு எத்தனை என்று நோயாளியையே கேட்டால் போதாதா, மெஷின் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த மெஷின் என்பதுதான் கேள்வி.

மேற்பார்வையாளர் கேட்டது நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். நான் அரசாங்க வேலையில் எம்.ஏ.யாக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பல வருடம் காது மூக்கு தொண்டைப் பிரிவில். மூக்கில் குழாய் வைத்து எண் எடுக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும், டாக்டர்களுக்கு அதில் பொறுமை கிடையாது.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: நோயாளியைக் கேட்கவும் வேண்டும், மீட்டரில் அளக்கவும் வேண்டும், ஆனால் ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக எழுதக் கூடாது. மீட்டர் என்றால், மூக்கு வழியாக ஒரே இழுப்பில் இழுக்கும் காற்றின் உச்ச வேகத்தைக் காட்டும் கைமீட்டர் உங்களுக்குப் போதும். ஒரு துவாரத்தை மட்டும் ஒருமுறை அளந்துவிட்டு அதை மூக்கடைப்பு என்று சொல்லவே கூடாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டும்.

ஒரு பாட்டியில் ஆரம்பிக்கிறேன். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், மூன்று நாள் சளி, கையில் கோடாலித் தைலம். மீட்டரில் இழுக்கச் சொன்னேன், நிமிடத்துக்கு 60 லிட்டர் காட்டியது. நான் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாட்டி மூடியைத் திறந்து இரண்டு துவாரத்துக்கும் கீழே நன்றாகத் தேய்த்து, கண்ணில் தண்ணீர் வர ஒரு இழுப்பு இழுத்து, "தொறந்துக்கிச்சுய்யா, இப்ப நல்லா போவுது" என்றார். சரி, இன்னொரு தடவை இழுங்கள் என்றேன். 60. மறுபடியும் இழுத்தார், 55. மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்க மிசினு கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மெஷினும் கெடவில்லை, பாட்டியும் பொய் சொல்லவில்லை. எவ்வளவு காற்று போகிறது என்று எண்ணிப் பார்க்கும் கருவி எதுவும் மூக்குக்குள் கிடையாது. காற்று உள்ளே போகும்போது சவ்வு குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சியை டிரைஜெமினல் என்கிற முகத்தின் உணர்வு நரம்பு மூளைக்குச் சொல்கிறது, மூளை அதைத்தான் "காற்று நன்றாகப் போகிறது" என்று எடுத்துக்கொள்கிறது. தைலத்தில் இருக்கிற மென்தால், குளிர்ச்சியை உணரும் அதே ஏற்பியை, டிஆர்பிஎம்8 என்று பெயர், நேரடியாகத் தட்டிவிடுகிறது. கதவு திறக்கவில்லை, ஆனால் திறந்த மாதிரி செய்தி போய்விட்டது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சாதாரணச் சளிக்கென்றே 1988இல் ஒரு மையம் தொடங்கினார்கள். அதை நடத்திய ரான் எக்கிள்ஸ் இதை அதற்கு முன்பிருந்தே அளந்து காட்டிக்கொண்டிருந்தவர். 1990இல் சளி பிடித்தவர்களுக்கு மென்தால் மிட்டாய் கொடுத்துப் பார்த்தபோதும், காற்றுக்கு மூக்கு தருகிற தடை மாறவில்லை, உணர்வு மட்டும் மாறியது. 2008இல் அதே மையத்தில் சளி, ஃப்ளூ பிடித்த 30 பேருக்குச் சூடான பழச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அளவில் மாற்றம் இல்லை, ஆனால் மூக்கு திறந்துகொண்டது என்று குடித்தவர்கள் சொன்னார்கள்.

ஆவி பிடிப்பதை ஆய்வு செய்யப் போகிறவர் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டால் ஆவி ஜெயித்துவிடும், அனேகமாகக் கண்டிப்பாக ஜெயிக்கும். அந்த ஜெயம் உண்மைதான், சுகம் கிடைத்தது, ராத்திரி தூங்கினார். ஆனால் "அடைப்பு குறைந்தது" என்று நீங்கள் எழுதினால் அது வேறு வாக்கியம். மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் பாட்டிக்குக் கிடைத்த சுகமே கணக்கில் வராது. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுவே உங்கள் ஆய்வின் முடிவாக இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? நம் ஆட்களிடம் "சளி எப்படி இருக்கு?" என்று கேட்டால் வீணாகப் போகும். சளி என்றால் நோய், சளி என்றால் மூக்கில் ஒழுகுவது, சளி என்றால் நெஞ்சில் கட்டியிருப்பது, எல்லாம் ஒரே சொல். மலாய்க்காரர்களிடமும் இதே கதைதான், செல்செமா என்றால் ஒழுகலும் வரும் அடைப்பும் வரும், அதனால் ஃபாரத்தில் 'ஹிடோங் தெர்சும்பாட்' என்று அடைப்பைத் தனியாகப் போடுங்கள். தமிழில் நான் கேட்கிற விதம்: "வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மட்டும் மூச்சு விடுங்க. இப்ப, இந்த நிமிஷம், எவ்வளவு சிரமமா இருக்கு?" இந்த நிமிஷம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேற்று ராத்திரி பட்ட பாட்டைச் சேர்த்துத்தான் எண் சொல்வார்கள். 100 மில்லிமீட்டர் கோடு போட்டுக் கொடுத்து அதில் குறிக்கச் சொல்வது ஆய்வுகளில் வழக்கம். ஆனால் கோட்டில் குறிக்கச் சொன்னால் வயதானவர்கள் ஒன்று இந்த முனை அல்லது அந்த முனை, நடுவில் எதுவும் கிடையாது. அவர்களுக்கு இல்லை, கொஞ்சம், நிறைய, முழுசா அடைப்பு என்று நான்கு படி போதும், 0 முதல் 3 வரை எழுதிக்கொள்ளலாம். சளி ஆய்வுகளில் 1958இலிருந்து புழங்கும் ஜாக்சன் மதிப்பெண் முறையும் எட்டு அறிகுறிகளை இப்படி 0 முதல் 3 வரைதான் கேட்கிறது, அதில் அடைப்பு வேறு, ஒழுகல் வேறு. நோஸ் என்று ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று 2004இல் வந்தது, தேடினால் முதலில் அதுதான் உங்கள் கண்ணில் படும். அதை எடுக்காதீர்கள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது அது, மூக்கின் நடுச்சுவர் வளைந்தவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும், மூன்று நாள் சளிக்குப் பொருந்தாது.

அப்புறம் மெஷின் பக்கம். அதற்கு முன்னால் எது அடைக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், இதில் தாதிகளே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிந்தினால் வெளியே வருகிற சளிதான் அடைப்பு என்று நினைக்கிறோம். அது ஒரு பகுதிதான். மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பு மாதிரி தொங்குகிற சதை இருக்கிறதே, கீழ் டர்பினேட், அதன் உள்ளே ரத்தம் தேங்கக்கூடிய பைகள் போன்ற நாளங்கள் நிறைய. சாதாரணமாக நரம்பு அவற்றை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். வைரஸ் வந்து வீக்கம் கிளம்பினால் பிடி தளர்கிறது, பைகளில் ரத்தம் நிறைகிறது, சதை பருத்து வழியை மூடுகிறது. அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் திறப்பதில்லை, மூக்குத் துளி ஒரு சொட்டு விட்டால் சில நிமிடத்தில் திறக்கிறது. பிரிட்டனில் சாலிஸ்பரி பக்கத்தில் 1946 முதல் 1990 வரை சளி ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று நடந்தது, தொண்டர்களுக்கு வேண்டுமென்றே சளி வரவைத்து, எத்தனை டிஷ்யூ செலவானது என்று எண்ணினார்கள். ஒழுகலுக்கு அது நல்ல அளவுகோல். அடைப்பைப் பற்றி டிஷ்யூ எதுவும் சொல்லாது, முழுக்க அடைத்த மூக்கிலிருந்து ஒன்றுமே வராது.

அந்த நாளங்கள் இன்னொரு விளையாட்டும் விளையாடுகின்றன. நல்ல மூக்கிலேயே ஒரு பக்கம் கொஞ்சம் பருத்து, மறுபக்கம் கொஞ்சம் சுருங்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும். கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இலேயே எழுதிவைத்தது. மூச்சுப் பயிற்சி செய்கிற நம் பெரியவர்கள் இடகலை பிங்கலை என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. சளி பிடித்தால் இந்த ஆட்டம் நிற்பதில்லை, ஊஞ்சல் இன்னும் பெரிதாக ஆடும், காலையில் வலது முழுக்க மூடும், மத்தியானம் இடது மூடும். காலையில் வலது துவாரத்தை மட்டும் அளந்து, ஆவி பிடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அதே வலதை அளந்தால், திறந்தது ஆவியாலா மூக்கு தானாகப் பக்கம் மாற்றியதாலா? உங்களால் சொல்ல முடியாது.

ரைனோமனோமெட்ரி என்று ஒரு மெஷின் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். மூக்கின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே எவ்வளவு அழுத்த வித்தியாசம், அந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று ஓடுகிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, அழுத்தத்தைக் காற்றோட்டத்தால் வகுத்துத் தடையைச் சொல்லும். உலகம் முழுக்க ஒப்பிடுவதற்காக 150 பாஸ்கல் அழுத்தத்தில் எடுப்பது வழக்கம். 150 பாஸ்கல் என்றால் ஏதோ பெரிது என்று நினைக்காதீர்கள், கிளாசில் ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் தருகிற அழுத்தம்தான். நன்றாக இருக்கும் பெரியவருக்கு இரண்டு துவாரமும் சேர்த்துத் தடை சுமார் 0.25 வரும், அலகு, வினாடிக்கு ஒரு கன சென்டிமீட்டர் காற்று ஓட இத்தனை பாஸ்கல் என்று.

இரண்டு துவாரமும் சேர்த்து என்பதில் கணக்குத் தப்பு நிறையப் பேர் செய்வார்கள். தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குழாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாசி பிடித்து அடைத்தால் தண்ணீர் மற்றதில் ஓடும். மொத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்றால் இரண்டிலும் ஓடுவதைக் கூட்டுவோம், அடைப்பைச் சராசரி எடுக்க மாட்டோம். மூக்கும் அப்படித்தான். வலது 0.5, இடது 0.5 என்றால் மொத்தத் தடை 0.25. கொஞ்ச நேரத்தில் பக்கம் மாறி வலது 0.35, இடது 0.875 ஆனாலும் மொத்தம் அதே 0.25தான், தலைகீழாக்கிக் கூட்டி மறுபடி தலைகீழாக்கிப் பாருங்கள். சராசரி எடுத்தவருக்கு 0.5 என்பது 0.61 ஆகி, நோயாளிக்கு மோசமாகிவிட்டது என்று தோன்றும். ஒன்றும் ஆகவில்லை.

சளி நோயாளிக்கு இந்த மெஷினில் இன்னொரு வம்பு இருக்கிறது, கையால் செய்து பார்த்தால்தான் தெரியும். முன்வழி முறையில் ஒரு துவாரத்தை மெல்லிய குழாய் வைத்து மூடி, அந்தப் பக்கம் வழியாக மூக்கின் பின்புறத்து அழுத்தத்தைப் பிடிப்போம், மறு துவாரத்தில் காற்றோட்டத்தை அளப்போம். இடது முழுக்க அடைத்திருந்தால் என்ன ஆகும்? பின்புறத்து அழுத்தம் குழாய்க்கு வந்து சேராது. அதாவது இடது அடைத்தால் அளக்க முடியாமல் போவது, நன்றாகத் திறந்திருக்கிற வலதுதான். முதல் தடவை இதைப் பார்த்தபோது மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அதைவிட மோசம் என்னவென்றால், இப்படி அளக்க முடியாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மீதிப் பேருடைய எண்ணை எழுதுகிற பழக்கம். யார் நீக்கப்படுகிறார்கள்? எல்லாரையும்விட அதிகமாக அடைத்தவர்கள். மிளகாய் உறைக்கிறதா என்று கேட்டு, தண்ணீர் குடிக்க ஓடினவனைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட மாதிரி.

சளி ஆய்வுகளில் கார்டிஃப்காரர்கள் பின்வழி முறையைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். உதட்டுக்கு நடுவே ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, வாய் வழியாகப் பின்புறத்து அழுத்தத்தைப் பிடித்து, முகமூடி வைத்து இரண்டு துவாரத்தையும் ஒரே நேரத்தில் அளப்பது. மொத்தத் தடை நேராக வந்துவிடும். ஆனால் குழாயைக் கவ்வியபடி அண்ணத்தையும் நாக்கையும் தளர்த்தி மூக்கால் மூச்சுவிட எல்லாருக்கும் வருவதில்லை. எனக்கே வரவில்லை, நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்து மூக்கின் குறுக்களவை வரைகிற முறையும் உண்டு, அகவுஸ்டிக் ரைனோமெட்ரி, 1989இல் டென்மார்க்கில் ஹில்பெர்க் குழுவினர் கொண்டுவந்தது. சில வினாடி வேலை, நோயாளி முயற்சி எதுவும் செய்ய வேண்டாம், குழந்தைக்குக்கூடச் செய்யலாம். ஆனால் வாசலிலேயே மிகக் குறுகிய இடம் இருந்தால் அதற்குப் பின்னால் காட்டுவதை நம்ப முடியாது, சளிக்காரர் மூக்கில் அதுதானே நிலைமை. குளிர்ந்த கண்ணாடியையோ உலோகக் கரண்டியையோ மூக்குக்கு அடியில் பிடித்து ஆவி படிவதைப் பார்ப்பது 1889இல் ஸ்வார்டேமேக்கர் என்ற டச்சு மருத்துவர் செய்த பழைய வித்தை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லும், எண்ணுக்கு உதவாது. நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடி மூக்குக்குப் போவதற்கு முன்பே மங்கிவிடும் என்பது தனிக் கதை.

சரி, உங்களுக்கு ஏற்றதற்கு வருகிறேன். ஆஸ்துமாக்காரர்கள் ஊதுகிற பீக் ஃப்ளோ மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஊதுவதற்குப் பதில் இழுப்பதற்கு மாற்றி, வாய்ப்பகுதிக்குப் பதில் மூக்கை மூடும் மாஸ்க் போட்டால் அதுதான் மூக்கு உள்ளிழுப்பு உச்ச வேக மீட்டர். கரண்ட் வேண்டாம், கைக்குள் அடங்கும், விலையும் பெரிய மெஷின்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இரண்டு துவாரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவதால் பக்கம் மாறுகிற தொல்லை பெரும்பாலும் போய்விடும். முழுக்க அடைத்தவருக்கும் ஓர் எண் வரும், ஊசி அடியிலேயே நின்றால் அதையும் அப்படியே எழுதலாம், ஆளை நீக்க வேண்டியதில்லை. நல்ல மூக்குள்ள பெரியவர்கள் சுமாராக 120, 140 லிட்டர் பக்கம் இழுப்பார்கள், ஆண்கள் பெண்களைவிடக் கொஞ்சம் அதிகம், சளி நன்றாகப் பிடித்தவர் 50க்குக் கீழே போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

செய்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உட்காரவைத்து, முதலில் மெதுவாக மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள், ஒவ்வொரு அளவுக்கு முன்பும் இதே மாதிரி. மாஸ்க்கை முகத்தில் காற்று கசியாமல் வையுங்கள், ஆனால் மூக்கு மடல்களை அழுத்தாமல். நான் தொடக்கத்தில் கசியக் கூடாது என்று அமுக்கி அமுக்கிப் பிடித்து, நன்றாக இருந்த மூக்கையும் அடைக்கவைத்திருக்கிறேன். வாயை மூடி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அப்புறம் ஒரே இழுப்பு, பலமாகவும் வேகமாகவும். "சுருக்குனு, பூ வாசனை பிடிக்கிற மாதிரி இல்ல, ஒழுகுற மூக்கை உறிஞ்சுற மாதிரி" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். முதல் இரண்டு தடவை பழக்கத்துக்கு, எழுதாதீர்கள். அதற்குப் பிறகு மூன்று, அதில் உயர்ந்ததை எழுதுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லையென்றால், உதாரணத்துக்கு 40, 75, 60 என்று வந்தால், அவருக்கு இன்னும் வித்தை பிடிபடவில்லை என்று அர்த்தம்.

இதன் குறை, மூக்கை மட்டுமல்லாமல் ஆளின் பலத்தையும் சேர்த்து அளக்கிறது என்பது. காய்ச்சலில் துவண்டவர் பலமாக இழுக்க மாட்டார், ஆஸ்துமாக்காரருக்கு நுரையீரலே குறை. அதனால் வாய் வழியாகவும் ஒருமுறை இழுக்கவைத்து, மூக்கின் எண் வாயின் எண்ணில் எத்தனை பங்கு என்று பார்ப்பது நல்லது. வாயில் 240, மூக்கில் 60 என்றால் கால் பங்கு. நாளைக்கு உடம்பு தேறி வாயில் 320, மூக்கில் 80 என்று வந்தால் மூக்கு திறந்துவிட்டது என்று எழுதாதீர்கள், அதே கால் பங்குதான், ஆள்தான் தேறியிருக்கிறார். மிகப் பலமாக இழுத்தால் மூக்கு மடல் உள்ளே ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, அவர்களுக்குப் பலம் கூடினாலும் எண் ஏறாது, கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காது வலியோடு வருகிறவரையும், சமீபத்தில் மூக்கில் ரத்தம் வந்தவரையும் இழுக்கச் சொல்ல வேண்டாம்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் சிலர் மத்தியானம் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அளந்துவிட்டேன். எண்கள் அருமையாக இருந்தன. இவர்களுக்குச் சளியே இல்லையோ என்று நினைக்கும்படி இருந்தன. டாக்டருக்காகக் காத்திருந்து அரை மணி நேரம் கழித்து ஒருவர் "இப்பதான் ரொம்ப அடைக்குது" என்று வந்து நிற்க, மறுபடி அளந்தால் பாதி. உடல் உழைப்பு நரம்பை முடுக்கி அந்த ரத்தப் பைகளைச் சுருக்கிவிடும், ஓடினால் மூக்கு திறப்பது அதனால்தான். படுத்தால் அடைப்பதற்குக் காரணமும் அதே பைகள்தான், ஒருக்களித்தால் கீழ்ப்பக்கத்து மூக்கு அடைக்கும். அன்றைக்கு எழுதிய பன்னிரண்டு பேர் கணக்கையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. எனவே வந்தவரை இருபது முப்பது நிமிடம் உட்காரவையுங்கள், எல்லாரையும் ஒரே அறையில், ஏர்கோன் போட்டால் எல்லா நாளும் போடுங்கள், இல்லையென்றால் எந்த நாளும் வேண்டாம். மூக்குத் துளி, சளி மாத்திரை, தைலம் எதையாவது அன்று போட்டாரா என்று கேளுங்கள். முதல் நாள் ராத்திரி கள்ளு, பீர் என்று போயிருந்தால் அதையும் கேளுங்கள், குடி மூக்கை அடைக்கும், ஆனால் மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், சரியான பதில் வராது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால் ஃபினைலெஃப்ரின் கதையைப் பாருங்கள். சளி மாத்திரைகளில் வருகிற மருந்து. 1976இல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு அது வேலை செய்கிறது என்று ஏற்றுக்கொண்டது. அவர்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை, சளி பிடித்த சிலரை வைத்து மூக்கின் தடையை அளந்த சின்னச் சின்ன ஆய்வுகள். ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து பிரமாதமான எண்கள் வந்திருந்தன, மற்ற இடங்களில் அந்த எண்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உலகமே அதை விழுங்கிய பிறகு, 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு, வாயால் சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு உதவவில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை, சீட்டு இல்லாமல் விற்கலாம் என்ற மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. கையில் மெஷின் இருந்ததால் மட்டும் எண் சரியாகிவிடாது.

உங்கள் ஆவி ஆய்வுக்கு வருவோம். வெறும் வெந்நீரில் மட்டும் செய்யுங்கள். நொச்சி, யூக்கலிப்டஸ், தைலம் எதைப் போட்டாலும் பாட்டி கதை திரும்ப வரும், ஆவி செய்ததா இலை செய்ததா என்று பிரிக்க முடியாது. சளி தானாகவே குறைகிற நோய், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அதனால் ஆவி பிடிக்காத ஒரு கூட்டம் கட்டாயம் வேண்டும், சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், நீங்களாகப் பார்த்து "இவர் பாவம், இவருக்கு ஆவி கொடுப்போம்" என்று பிரிக்காதீர்கள். அந்தக் கூட்டமும் அதே மாதிரி குனிந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு, ஆறின தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் அதே பத்து நிமிடம் உட்காரட்டும். சூடு தெரிந்துவிடும், கண்ணைக் கட்டி ஏமாற்ற முடியாது, ஆனால் குனிந்ததால் வந்த மாற்றமும் சிந்தியதால் வந்த மாற்றமும் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். முதலில் ஒரு அளவு, முடிந்து கால் மணி நேரத்தில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று. கேள்வியை மீட்டரில் அளப்பதற்கு முன்பே கேளுங்கள், எண்ணைப் பார்த்துவிட்டால் அதற்கேற்ற மாதிரி பதில் சொல்வார்கள். மீட்டர் படிப்பவருக்கு யார் எந்தக் கூட்டம் என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, அதற்கு உங்கள் தோழி ஒருவரைப் பிடியுங்கள். ஐந்து லிட்டர் ஏறியது என்று சந்தோஷப்படாதீர்கள், ஒரே ஆளே மூன்று இழுப்பில் அவ்வளவு மாறுவார். 20 லிட்டர் அளவுக்கு மாறினால் பேசலாம்.

குழந்தைகளைச் சேர்க்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இந்த இழுப்பைச் சரியாகச் செய்ய மாட்டார்கள் என்பது ஒரு காரணம், வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன் என்பது அதைவிடப் பெரிய காரணம். கைக்குழந்தை மூக்கடைத்து பால் குடிக்க முடியாமலோ, விலா உள்ளே இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டோ வந்தால் அது ஆய்வுக்கு வந்த ஆள் இல்லை, நேராக டாக்டரிடம் அனுப்புங்கள்.

அரசாங்க கிளினிக் நோயாளிகள் என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான என்.எம்.ஆர்.ஆரில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகுதான் முதல் ஆளைத் தொட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும், இப்போதே ஆரம்பியுங்கள்.

கடைசியாக மாஸ்க். வைரஸ் உள்ளவர் பலமாக இழுக்கிறார், அடுத்து இருமுவார், தும்முவார். மூடிய சின்ன அறையில் இதை வைக்காதீர்கள், ஐந்தடியில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும், நீங்கள் முகக்கவசத்தோடு பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் எதிரே வேண்டாம். ஒருவருக்கு ஒரு மாஸ்க், முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிளினிக்கில் என்ன கிருமிநாசினி வைத்திருக்கிறார்களோ அதில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட வேண்டும், உள்ளே ஈரம் இருந்தால் மீட்டரின் ஊசி ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சுங்கை சிப்புட்டில் அது காய ஒரு நாள் முழுக்க ஆகும். மூன்று மாஸ்க் வாங்கச் சொல்வார்கள், நீங்கள் குறைந்தது பத்து கேளுங்கள்.